மூன்று கை வேண்டும்

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, வாசல் நிலையில் பதித்திருக்கும் தடமானியைப் பார்ப்பது கொன்றை அடுக்ககத்தில் பல் தேய்ப்பதற்கும் முந்திய வேலை. நேற்று நீங்கள் எரித்தது, குளிர்வித்தது, தின்றது, தூக்கி எறிந்தது எல்லாவற்றின் கரித்தடமும் அதில் தெரியும். பச்சை என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் அன்றைக்கு அடுப்பு மூட்டாமல் ஓட்ட வேண்டும். சிவப்பு என்றால் தொலைந்தது. ஒரு வீட்டில் சிவப்பு எரிந்தாலும் மறுநாள் காலை வரை இருபத்துநான்கு வீட்டுக்கும் லிஃப்ட் கிடையாது. பெரம்பூரில் எல்லாக் கட்டடத்திலும் இதுதான் சட்டம்.

அன்றைக்கு என் வீட்டில் பச்சை. எதிர்வீட்டில், அசோசியேஷன் செக்ரட்டரி அருளப்பன் வீட்டில், சிவப்பு. அவருக்குச் 'சிறுதடச் செயலர்' விருது கொடுக்கப் பத்து மணிக்கு அதிகாரிகள் வருவதாக இருந்த நாள் அது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

ஏன் என்று சொல்கிறேன். லிஃப்ட் நின்ற நாளிலும் அவசரத்துக்கு எங்கள் அசோசியேஷன் வைத்த வழி ஒன்று உண்டு. வேறு மூன்று வீட்டார் வந்து லிஃப்ட் பலகையில் உள்ளங்கை வைத்தால், அது ஒரே ஒரு தடவை இறங்கும். அந்தத் தடம் கை கொடுத்த மூன்று வீட்டின்மேல் ஏறும். ஒரு வாரம் அவர்களுக்கு மின்விசிறியும் அடுப்பும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரை வெயிலில், காய்ச்சலில் துடித்த என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்காக மூன்று நாள் ஏசி ஓட்டினேன். சிவப்பு விழுந்தது. அன்றைக்கே அவருக்கு மூச்சு முட்டியது. இரண்டு கை கிடைத்துவிட்டது. மூன்றாவதற்கு அருளப்பன் கதவைத் தட்டினேன்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா பாக்கியவதி. ஏசி போடுறப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து எட்டு மாடியும் தூக்கி இறக்கப் பார்த்தோம். நாலாவது மாடியில் கோதண்டத்தின் கழுத்து சாய்ந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த அருளப்பன் மாலை வாங்கிவந்தார், அதுவும் தடம் குறைவான உள்ளூர்ப் பூவாகப் பார்த்து. படுபாவி.

நான் குப்பைமூக்கு பழுதுபார்க்கிறவள். வீட்டுக் குப்பைத்தொட்டிக்குள் இருக்கும் கருவி அது. விழுகிற தோலையும் கொட்டையையும் முகர்ந்து, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடும். பரிசாக வந்த பண்டத்தின் தடம் கொடுத்தவர் தலையில் விழும் என்று எங்கள் கட்டடத்தில் எல்லாரும் நம்பினார்கள். சுத்த மடத்தனம். தோல் யார் தொட்டியில் விழுகிறதோ அவர் தலையில்தான் தடம். முதல்நாள் சாயங்காலம், விருதுக்கு வாழ்த்து என்று பல்லைக் காட்டிக்கொண்டு, விமானத்தில் வந்த பத்து ஆப்பிளை அருளப்பன் கையில் கொடுத்தேன். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார்; ராத்திரியே தோல் அவர் தொட்டியில் விழுந்துவிட்டது.

நான் எதிர்பார்த்தது அவமானம் மட்டும்தான். ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. படியிறங்கி வார்டு அலுவலகத்துக்கு ஓடி, மானி பழுது என்று கத்தி, ஒன்றும் நடக்காமல் வெயிலில் திரும்பி எட்டு மாடியும் ஏறினார். விருது ரத்து என்று செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி செலின் என் கதவைத் தட்டினாள்.

"பாக்கியம், அவருக்கு நெஞ்சு வலிக்குதுடி. வேர்த்துக் கொட்டுது."

முடியாது என்கிற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. இரண்டு வருஷமாக எத்தனை விதமாக அதைச் சொல்லிப் பார்த்திருப்பேன்!

"கை கேக்க வரல" என்றாள் செலின். "இருபத்திரண்டு வீட்டையும் தட்டிட்டேன். ஒருத்தர்கூட குடுக்கல. உன் ஒரு கைய வெச்சு என்ன பண்றது? நாற்காலி தூக்க மூணு பேர் வரேன்னாங்க. இன்னும் ஒரு ஆள் வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வீட்டாருக்கும் அவர்மேல் கோபமா என்ன? ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் மின்விசிறி வேண்டும், அவ்வளவுதான். படியில் தூக்கினால் தடம் ஏறாது, அதனால் தூக்க மட்டும் வருகிறார்கள். நான் பொத்திப் பொத்தி வளர்த்த பழியை அந்தக் கட்டடம் ஒரு முயற்சியும் இல்லாமல் செய்து முடித்துவிட்டது. ஆத்திரத்தோடு போய் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தேன்.

நாலாவது மாடியில் கை மாற்ற நாற்காலியை இறக்கினோம். நான் அவர் காதருகே குனிந்தேன்.

"சார், கண்ணத் தொறங்க. என் வீட்டுக்காரர் போனது இங்கதான். அந்த ஆப்பிள நான் தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவர் கண்ணைத் திறந்தார். "பயமா இருக்கும்மா."

"அவரும் அதத்தான் சொன்னாரு. நீங்க செத்துகித்துத் தொலையாதீங்க. அப்புறம் நான் யார் மேல கோபப்படுறது?"

சாகவில்லை. இருபது நாளில் திரும்பி வந்தார். என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். காட்டிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் மெதுவாக எழுந்து நின்றார்.

"இனிமே யாருக்காவது உயிர் போற நிலைமைன்னா மூணு கை வேணாம். லிஃப்ட் ஓடட்டும். அந்தத் தடத்த இருபத்துநாலு வீடும் பங்கு போட்டுக்கலாம். ஆளுக்கு ஒருநாள் அடுப்புதான் போகும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

செலின் தூக்கினாள். மற்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். செத்தவர் என் புருஷன். நான் தூக்கினால் எல்லாரும் தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஏற்பாடு அன்றைக்கு இருந்திருந்தால் கோதண்டம் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அதுவும் தெரியும். ஆனால் கேட்டது அருளப்பன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நன்றாக அழட்டும் என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

தீர்மானம் தோற்றது. மூன்றாவது மாடிக்காரர் எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலி வழுக்குகிறது, கைப்பிடி வைத்த நல்ல மர நாற்காலி ஒன்று செய்து எட்டாவது மாடியில் வைக்கலாம் என்றார். அதற்கு எல்லாரும் கை தூக்கினார்கள். நானும்தான்.