எதுவும் கேக்காது

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அண்ணன். ஒரு தடவை திருகிவிட்டால் தானாக நிற்காது என்பது அவன் கட்சி. கொல்லைப் பக்கம் தெருப்பூனை போட்ட நான்கு குட்டிகளில் மூன்றை அவள் இரண்டே நாளில் பேசியே தள்ளிவிட்டாள் என்றால் பெயர் பொருத்தம்தான்.

மிச்சம் இருந்தது வெள்ளைக்குட்டி. அதற்குக் காது கேட்காது. பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டாலும் திரும்பிப் பார்க்காது.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான்" என்றாள் அம்மா. "தம்பிக்கு மறுபடியும் மூச்சு இழுக்குது. பூனை முடியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். யாரும் எடுத்துக்கலன்னா சித்தப்பா மீன் சந்தையில கொண்டுபோய் விட்டுடுவார்."

மீன் சந்தையில் நாய்கள் அதிகம். லாரிகள் அதைவிட அதிகம். ஹாரன் கேட்காத குட்டி அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று ரேடியோ யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

மாடி வீட்டு டீச்சரின் கதவைத் தட்டினாள். டீச்சர் தனியாக இருப்பவர்; லீவு நாள் என்பதால் வீட்டில்தான் இருந்தார்.

"ரொம்ப சமர்த்து டீச்சர். எதுவும் கேக்காது!"

"எதுவுமே கேக்காதா? அப்போ கொடு. கேட்டுக்கிட்டே இருக்கிறதுக்கு எனக்கு வகுப்புல முப்பத்தெட்டு பேர் இருக்காங்க."

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ரேடியோ படி இறங்கினாள். நான்கு படிக்கு ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மதியமே டீச்சர் குட்டியோடு வந்துவிட்டார். புறங்கையில் ஒரு கீறல்.

"காலையிலேர்ந்து கூப்பிடுறேன். திரும்பிக்கூடப் பாக்கல. பின்னாடி போய்த் தூக்கினா பிறாண்டிடுச்சு. இதுக்குக் காது கேக்குமா கேக்காதா?"

"கேக்காதுன்னு முதல்லயே சொன்னேனே டீச்சர்."

டீச்சர் குட்டியின் பின்னால் கைதட்டிப் பார்த்தார்.

"ஓ, அந்தக் கேக்காதா! வார்த்தையை நல்லா மடிச்சுத்தான் கொடுத்திருக்கே. கூப்பிட்டா ஓடி வர்ற ஒண்ணு வேணும்னுதான் வாங்கினேன். என்ன வேணும்னு நீதான் கேக்கவே இல்லையே?"



ரேடியோ வெள்ளைக்குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தையல் கடையில் "பூனை வேணுமாண்ணே?" என்றாள்.

"நூல்கண்டைத் தொடாம இருக்குமா?"

இருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "இருக்காதுண்ணே" என்றாள். அங்கே கதை முடிந்தது.

தெருக்கோடி மாவு மில்லில் மெஷின் நின்றிருந்தது. தலை முதல் கால் வரை மாவு அப்பிய மில்காரர், ஓட்டை விழுந்த மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ கூடையைத் திறக்கவில்லை.

"எலியா மாமா?"

"எலியா? பட்டாளம்!"

"பூனை வளர்க்கலையா?"

"ஏன் வளர்க்கல? மூணு வளர்த்தேன். ஸ்விட்சைப் போட்டதும் ஒண்ணு கூரை மேல, ஒண்ணு பக்கத்துத் தெருவுல. மூணாவது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும்னு நினைக்கிறேன்."

"சத்தத்துக்குப் பயந்தா?"

"பின்னே, என் மூஞ்சிக்குப் பயந்தா?"

ரேடியோ கூடையை மெல்லத் திறந்தாள். அதற்குள் மில்காரர் ஸ்விட்சைத் தட்டிவிட்டார். தரை அதிர்ந்தது.

"இதுக்குக் காது கேக்காது!" என்று கத்தினாள்.

"என்ன?"

"காது கேக்காது!"

"எனக்கா? பதினஞ்சு வருஷமா இங்கதானே நிக்கிறேன். பாதி கேக்கும்!"

அவள் குட்டியைத் தூக்கிக் காட்டித் தன் காதைத் தொட்டு, கையை விரித்தாள். மில்காரர் மெஷினை நிறுத்தினார்.

"கூப்பிட்டா வராது மாமா" என்றாள். "பின்னாடி போய்த் தொட்டா பிறாண்டும். பெல்ட்டு பக்கம் போனா நீங்க கத்தினாலும் தெரியாது."

"பெல்ட்டுக்கெல்லாம் கம்பி வலை அடிச்சாச்சு. கூப்பிட எனக்கு எங்க நேரம்? கீழ விடு, பாப்போம்."

மெஷின் மறுபடியும் ஓடியது. குட்டி அதிர்கிற தரையை முகர்ந்தது. ஒரு கொட்டாவி விட்டது. பிறகு அடி மேல் அடி வைத்து மூட்டைகளுக்குள் நுழைந்தது. உள்ளே ஏதோ தடதடவென்று ஓடியது.

மில்காரர் சிரித்தார். மாவுக்கு நடுவே பல் மட்டும் தெரிந்தது.

வெறுங்கூடையோடு வந்தவளை அம்மா சந்தேகமாகப் பார்த்தாள். "யார்கிட்ட என்ன சொல்லித் தலையில கட்டினே?"

"மில்காரர்கிட்ட பெருசா ஒண்ணும் சொல்லலம்மா. கேட்டேன்."

தம்பிக்கு விசிறிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான். "ரேடியோவை நாமதானே கேப்போம்? ரேடியோவே கேட்டுச்சுன்னு இன்னிக்குத்தான் கேள்விப்படுறேன்!"