ஒத்தப்பனைக் காட்டு மழை

"போதும்! நிறுத்து! திரும்பு!"

கத்திக்கொண்டே வரப்பில் ஓடினாள் செங்கனி. மேலே மேகத்தைக் கறக்கும் பலூனான மேகக்கறவை அவள் குரலைக் கேட்டுவிட்டு, மேய்ச்சல் முடிந்த மாடு மாதிரி சாவகாசமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. அது திரும்பி என்ன பயன்? உப்பை வாங்கிக்கொண்ட மேகம் கொட்டித் தீர்த்தால்தான் அடங்கும். ஒற்றைப் பனையைச் சுற்றி, அந்த ஒரு நிலத்துக்கு மட்டும், வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பக்கத்து வரப்பில் வெயில் சுள்ளென்று அடித்தது.

பனையடியில் மேகவங்கி நட்டிருந்த ஈரமானிக் கம்பத்தில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதைப் பார்த்ததும் அவள் ஓட்டத்தை நிறுத்தினாள். சிவப்பு எரிந்தால் மேகவங்கிக்குத் தகவல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலத்தில் மேகவங்கி விற்கும் மழையைத் தவிர வேறு மழை ஒரு துளி விழக்கூடாது. விழுந்தால் ஒப்பந்தம் முறிந்தது. நாளைக் காலையில் கம்பெனிக்காரர்கள் வருவார்கள், நிலம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

நிலம் இருளாண்டி மாமாவுடையது. அவர் மகள் யாழிசை செங்கனியின் உயிர்த்தோழி. போன தைமாதம்வரை அப்படித்தான் இருந்தாள். மழையை அங்கே அனுப்பியது செங்கனி. பதினாறு முடிந்து, மழைச் சங்கத்தில் உறுப்பினராகி, முதல் தடவையாக இன்றைக்குத்தான் கறவையை ஏவியிருந்தாள்.

மேகம் தானாகப் பெய்கிற காலத்தை அவள் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே வானம் பழக்கத்தை விட்டிருந்தது. மேகம் வரும், ஊரைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். கறக்கத் தெரிந்தால் மட்டும் பெய்யும். பணம் உள்ள ஊர்கள் மேகவங்கியிடம் மழை வாங்கின. கீழக்கரம்பை மட்டும் ஆட்டை விற்று, தோட்டை விற்று, பழைய கறவை ஒன்றைச் சேர்ந்து வாங்கியது. சாம்பல் நிறப் பலூன், அடிவயிற்றில் உப்புப் பெட்டி, தரையில் கட்டிப்போட ஒரு கயிறு. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். ஓட்டென்று வந்தால் பெரிய நிலக்காரருக்கும் ஒரு கை, கால் குறுக்கம் நிலம் வைத்திருப்பவருக்கும் ஒரு கை. கறவையை ஏவவும், கயிறு இழுக்கவும், ஓட்டை அடைக்கவும் கூலியாள் கிடையாது. உறுப்பினர்கள்தான் மாறி மாறிச் செய்வார்கள். மேகம் வந்தால் ஒருவர் காட்டுக்கு, ஒரு புன்செய் நிலத்துக்கு, மழை. அடுத்த மேகம் அடுத்த காட்டுக்கு.

அந்த முறையை இயந்திரத்துக்குள் யாரும் ஏற்றி வைக்கவில்லை. இயந்திரத்தில் இருப்பதை வெளியூரில் உட்கார்ந்துகொண்டு மாற்றிவிட முடியும் என்று பக்கத்து ஊர் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. அதனால் முறை ஊரின் வாயில் இருந்தது. ஏவுகிறவர் காட்டின் பெயரை உரக்கச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் இன்னொரு உறுப்பினர் கேட்டு, "சரி" என்பார். அந்த 'சரி' விழுந்த பிறகுதான் கறவை கிளம்பும்.

செங்கனியும் யாழிசையும் கயிறு தாண்டி விளையாடியதே அந்த முறையைச் சொல்லித்தான். "கல்லடிக் காடு, கரட்டுக் காடு, வேம்படிக் காடு, ஒத்தப்பனை, பள்ளிவாசல் மேடு..." கால் தட்டாமல் எந்தக் காடுவரை போகிறாளோ அந்தக் காட்டுக்கு அவள் ராணி. யாழிசை எப்போதும் ஒத்தப்பனையில் வேண்டுமென்றே தட்டி நிற்பாள். "எங்க காட்டுக்கு நான்தாண்டி ராணி."

போன தைமாதம் மேகவங்கி ஆள்பிடிக்க வந்தபோது இருளாண்டி மட்டும் கையெழுத்துப் போட்டார். முறைக்குக் காத்திருக்க வேண்டாம், கேட்டபோது மழை என்றார்கள். சங்கத்திலிருந்து விலகினால்தான் ஒப்பந்தம் என்றும் சொன்னார்கள். விலகினார். முதல் மழை சொன்னபடி வந்தது. அப்புறம் வடக்கே யாரோ கூடுதல் விலை கொடுக்க, மேகங்கள் அந்தப் பக்கம் போயின. அவர் மிளகாய்ச் செடி வாடுவதை ஊரே பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இன்றைக்கு மேகம் தெற்கே திரண்டது. போன மழை வேம்படிக் காட்டுக்குப் பெய்திருந்தது. செங்கனி கறவையின் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கயிறு தாண்டுகிற காலத்திலிருந்து நாக்கில் ஊறிக் கிடந்ததைச் சொன்னாள். "ஒத்தப்பனைக் காடு."

பக்கத்தில் நின்ற பாத்திமுத்து, சங்கத் தலைவி, ஊருக்கெல்லாம் பாத்திம்மா, கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னாள். "சரி."

தவறை இருவரும் உணர்ந்தபோது கறவை மேகத்துக்குள் போயிருந்தது. இருளாண்டி விலகிய பிறகு, வேம்படிக்கு அடுத்த முறை பள்ளிவாசல் மேட்டுக்கு. அது பாத்திம்மாவின் நிலம்.

செங்கனி சேற்றில் நின்று அழ ஆரம்பித்தபோது பின்னால் கூச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஊர் ஓடி வந்துகொண்டிருந்தது. சிறுசுகள் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரோ ஒருவர் அவித்த கடலைச் சட்டியோடு.

எப்போதும் அப்படித்தான். யார் காட்டுக்கு மழையோ அந்தக் காட்டுக்கு எல்லாரும் நனையப் போவார்கள். மழை அந்த ஒரு இடத்தில் மட்டும்தானே பெய்கிறது, வேறு எங்கே போய் நனைவது? அப்பா இறந்த வருடம் செங்கனி வீட்டுக் கரட்டுக் காட்டில் பெய்த மழை அவளுக்கு இன்னும் தோலில் இருக்கிறது. அம்மா வரப்போரம் வெறித்து உட்கார்ந்திருக்க, ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, பக்கத்தில் உட்கார்ந்து நனைந்தார்கள். யாழிசை அவள் கையைப் பிடித்துக்கொண்டு மழைக்கு வாயைத் திறந்து காட்டினாள். அந்த மழை அவர்கள் முறையே இல்லை. நாற்று கருகுகிறது என்று இருளாண்டி மாமா தன் முறையை விட்டுக்கொடுத்திருந்தார்.

கூட்டம் மழைக்குள் புகுந்து ஒரு குதி குதித்த பிறகுதான் யாருக்கோ உறைத்தது.

"ஏ, இது இருளாண்டி காடுல்ல?"

குதித்தவர்கள் அப்படியே நின்றார்கள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டதுபோல் மழை அவர்கள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. குடிசையிலிருந்து இருளாண்டி வெளியே வந்து, சிவப்பு விளக்கைப் பார்த்தார். பின்னாலேயே யாழிசை.

"யாரு செஞ்ச வேலை இது?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் செங்கனிக்குப் பயமாக இருந்தது.

"நான்தான் மாமா. பழைய முறைய சொல்லிட்டேன் மாமா. வாய்ல வந்துருச்சு."

"நான் கேட்டு சரின்னுட்டேன்" என்றாள் பாத்திம்மா. "புள்ளைய மொறைக்காதய்யா. ரெண்டு பேருக்கும்தான் புத்தி மேயப் போயிருச்சு."

"விடிஞ்சா அவய்ங்க வந்து கம்பி வேலி போட்ருவாய்ங்க. செடி பொழைச்சுச்சு, காடு போச்சு."

பாத்திம்மா முகத்து நீரை வழித்துவிட்டாள். "போகாது. சங்கத்து ஆளு காட்டுல சங்கத்து மழை விழுந்தா எவனும் கேக்க முடியாதுன்னு சட்டமிருக்கு. அதுனாலதான அவய்ங்க மொதல்ல ஒன்னைய வெலகச் சொன்னது? வெலகுன ஆளு எடத்த வர்ற சித்திரை வரைக்கும் நம்ம காலியாத்தான் வச்சிருக்கோம். அதுக்குள்ள திரும்பி வந்தா போகாத மாதிரிதான்."

"அதுக்கு எல்லார் கையும் ஏறணுமே."

"ஊரே இங்கதான நனைஞ்சிக்கிட்டு நிக்கிது. இதவிட நல்ல கூட்டம் எப்பக் கூடப் போகுது?"

அப்போது செங்கனியின் அம்மா பேச்சி முன்னால் வந்தாள். "அதெப்படி? நல்லா இருக்கும்போது அங்கிட்டுப் போவாக. காஞ்சா இங்கிட்டு வருவாக. நாளைக்கு ஆளாளுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தா கறவைய யாரு கட்டிக் காக்குறது? பாத்திம்மா, ஒங்க மெளகா கருகிக்கிட்டு கெடக்கு. ஒங்க மழையத்தான் இவுக காடு குடிக்கிது."

அம்மா சொன்னதில் பொய் இல்லை என்று செங்கனிக்கும் தெரிந்தது.

இருளாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தங்கச்சி சொல்றது ஞாயந்தான். பாவப்பட்டு எனக்கு ஒருத்தரும் கை தூக்க வேணாம்."

"பாவமா?" பாத்திம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், நீ போனதுலருந்து ஒன் முறைக்கும் சேத்து நான்தான்யா கயிறு இழுக்குறேன். இடுப்பு கழண்டு கெடக்கு. பாவம் எனக்குப் பாக்குறேன், ஒனக்கில்ல. வருவியா, மாட்டியா, அதச் சொல்லு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இருளாண்டி கறவையின் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "கயிறு இழுக்க வர்றேன்" என்றார்.

"அப்ப என் கை மேல." பாத்திம்மா கையைத் தூக்கினாள். மழை அவள் முழங்கைவழி வழிந்தது. "என் மெளகாயப் பத்தி யாரும் கவலப்பட வேணாம். அடுத்த மேகம் வர்ற வரைக்கும் ஆளுக்கு ரெண்டு கொடம் தொட்டித் தண்ணி ஊத்துனா செடி நிக்கும். ஊத்துவீகல்ல?"

"ஊத்தாம?" என்றது ஒரு குரல். கைகள் ஏறின. கடலைச் சட்டிக்காரர் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். செங்கனி தன் கையைப் பார்த்தாள். அவளுடைய முதல் கை. பெரிய நிலக்காரர் கைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். இப்போது அது மேலே போனது.

பேச்சியின் கை மட்டும் இடுப்பில் இருந்தது. ஒரு கை குறைந்தாலும் காடு போய்விடும். அவள் இருளாண்டியைப் பார்க்கவில்லை. வடக்கே, தன் கரட்டுக் காடு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். எதைப் பார்க்கிறாள் என்று செங்கனிக்குத் தெரியும். சொல்லிக்காட்டினால் அம்மா முறைத்துக்கொள்வாள் என்றும் தெரியும்.

"அன்னைக்கி எங்க காட்டுல மழையடிச்சப்ப," என்று பேச்சியே தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். பிறகு, எரிச்சலோடு, யாரையோ அடிக்க ஓங்குவதுபோல் கையைத் தூக்கினாள். "சரி, சரி. நனைஞ்சது நனைஞ்சாச்சு."

மழை மெலிந்தது. ஈரமானி இன்னும் சிவப்பாகத்தான் எரிந்தது. ஆனால் அதன்மேல் யாரோ ஈரச் சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். கடலைச் சட்டி கைமாறியது. கறவை இறங்கியதும் கயிறு பிடிக்க இருளாண்டிதான் முதலில் ஓடினார். "மெதுவாய்யா, பிய்ச்சுப்புடாத!" என்று பாத்திம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் கத்தினாள்.

யாழிசை வந்து செங்கனியின் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். தைமாதத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் உட்காருவது இப்போதுதான். இருவரும் சேற்றில் காலை அளைந்தார்கள்.

"ராணி," என்றாள் செங்கனி மெதுவாக.

யாழிசை சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கவா? பொய் சொல்லக் கூடாது."

"ம்."

"நீ கயிறு தாண்டுனப்ப ஒரு தடவகூட வரிசைய மாத்திச் சொன்னதில்ல. நாங்க போனதுக்கப்புறம் எங்க காட்டத் தாண்டித்தான இத்தன மாசமா ஊரே சொல்லிக்கிட்டிருக்கு? பாத்திம்மாவும் தலைவி. அவுக முறைய அவுகளே மறப்பாகளா?"

செங்கனி கறவையடியைப் பார்த்தாள். பாத்திம்மா இருளாண்டி மாமாவை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். கண் இந்தப் பக்கம் திரும்பியது, உடனே விலகியது. காலையில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு தான் நின்றதை நினைத்துப் பார்த்தாள் செங்கனி. தூரத்தில் வாடிக் கிடந்த ஒத்தப்பனைக் காடு கண்ணில் பட்டது ஞாபகம் இருந்தது. நாக்கு அசைந்தது ஞாபகம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"சொல்லுடி," என்றாள் யாழிசை. "மறந்து சொன்னியா, நெனச்சு சொன்னியா?"