வலைக்குக் கீழே

குளியலறைச் சுவர் சூடாக இருந்தது.

பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தபோது தற்செயலாகச் சுவரில் கை ஊன்றிய ஸ்வர்ணா, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக மறுபடியும் வைத்துப் பார்த்தாள். வெளியே ஜனவரி மாதத்து டெக்ஸஸ் குளிர். புல்தரையில் உறைபனி உப்பைத் தூவினாற்போலப் படிந்திருந்தது, ஜன்னல் கண்ணாடியைத் தொட்டால் விரல் விறைத்தது. இந்த ஒரு சுவர் மட்டும் மேலிருந்து கீழ்வரை, காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் முதுகைப்போலக் கதகதவென்றிருந்தது. காதை வைத்தாள். சுவருக்கு அப்பால், பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ முனகுவதுபோல ஒரு சன்னமான ரீங்காரம்.

"ஏன்னா, பாத்ரூம் சுவர் ஏன் இப்படிச் சுடறது?"

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜம்புநாதன் தலை நிமிரவில்லை. "வாட்டர் ஹீட்டர் பைப் அதுக்குள்ளதான் போறது."

வாட்டர் ஹீட்டர் கராஜில் இருந்தது, வீட்டின் மறுகோடியில். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தும் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் உள்ளங்கையில் அந்தச் சூடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது காலி பெட்ரூம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் தங்குவதற்கென்று வைத்திருந்த அறை. ரிச்சர்ட்சனில் டெலிபோன் கருவிகள் செய்யும் கம்பெனியில் எஞ்சினியராக இருந்த ஜம்புநாதனை, போன கோடையில் பாதி டிபார்ட்மென்ட்டோடு சேர்த்து லே ஆஃப் செய்துவிட்டார்கள். தீபாவளி கழிந்ததும் அந்த அறைக் கதவில், இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் புதுப் பூட்டு போட்டான். தன்னோடு வேலை போன வேய்ன் என்கிற அமெரிக்கனோடு சேர்ந்து ஏதோ கன்சல்டிங் ப்ராஜெக்ட் என்றும், உள்ளே இருக்கும் எக்விப்மென்ட்டில் தூசி படக்கூடாது என்றும் சொன்னான். சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். தூங்கும்போது தலையணைக்கடியில் போகும்.

பொங்கலன்று இரண்டு தெரு தள்ளியிருந்த ருக்மிணி ஆன்ட்டி சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன ஸ்வர்ணா, ஆத்துக்கடியில அந்த நாத்தம் பிடிச்ச பிராணி, ஸ்கங்க், ஏதாவது புகுந்துண்டிருக்கா? கராஜ்ல செக் பண்ணச் சொல்லு."

ஜம்புநாதன் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஒரு பாக்கெட் ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தினான். மல்லிகை வாசனைக்குள், அழுகிய எலுமிச்சைபோல, மிருகத்தின் வியர்வைபோல அந்த நாற்றம் நெளிந்துகொண்டே இருந்தது. ஸ்வர்ணாவுக்கு அது பழகிப்போயிருந்தது. தன் தலைமயிரில், லேப் கோட்டில், தலையணை உறையில் எல்லாம் அது இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. நடையில் வந்து நின்றாள். பூட்டிய அறைக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"குனி... இன்னும் கொஞ்சம்... சமத்தோன்னோ? ம்ம். அப்படித்தான், கண்ணு."

கல்யாணமான புதிதில் அவளிடம் பேசிய குரல் அது. பல வருஷங்களாக அவள் கேட்காத குரல். கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"யார் உள்ள? கதவைத் திறங்கோ! யாரை வெச்சிண்டிருக்கேள் உள்ள?"

பிறகு தாழ்ப்பாள் விலகியது. அடுப்பைத் திறந்தாற்போல ஒரு வெக்கை முகத்தில் அறைந்தது. உள்ளே பெண் யாரும் இல்லை. சுவர் முழுக்க அலுமினியத் தாள். ஜன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக். கூரையிலிருந்து தொங்கிய விளக்கு கண்ணைக் குருடாக்கும் வெள்ளை வெயிலைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், கோழிக்கூண்டுக்கு அடிக்கிற மாதிரிக் கம்பி வலையை ஒரு பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தான். வலையின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு பச்சை நுனி எட்டிப் பார்த்தது. எல்லாம் ஒரே உயரம். தட்டால் அமுக்கி வைத்தாற்போல.

"கஞ்சாவா?" என்றாள்.

"கத்தாதேடி."

"கிரீன் கார்ட் வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. போலீஸ் வந்தா ஜெயில்ல போட்டு, அப்படியே ஊருக்கு ஏத்தி அனுப்பிடுவா, தெரியுமோன்னோ?"

"இந்த ஒரு தடவைதான். வேய்ன் வந்து எடுத்துண்டு போயிடுவான். எனக்கு ஜாப் கிடைக்கற வரைக்கும்தான், ஸ்வர்ணா." பிறகு, பயத்தையெல்லாம் மறந்தவன்போல, அவள் கையைப் பிடித்து வலையருகே இழுத்தான். முகத்தில் ஒரு பெருமை. "பாரு. தானா விட்டா ஒரே ஒரு தண்டு மட்டும் ஒசந்து வெளிச்சத்தையெல்லாம் முழுங்கிடும். கீழ இருக்கறதெல்லாம் சவலையாப் போயிடும். அதுக்குத்தான் வலை. தலை தூக்கறதைப் பிடிச்சு, கீழ அமுக்கி, அடுத்த கட்டத்துல விட்டுடணும். எல்லாம் ஒரே மட்டமா நின்னா எல்லாத்துக்கும் வெளிச்சம். மகசூல் டபுள்!"

செய்தும் காட்டினான். கொஞ்சம் உயர்ந்திருந்த ஒரு குருத்தின் கழுத்தை இரண்டு விரலால் பற்றினான். அவன் அமுக்குவதற்கு முன்பே அது தானாகக் குனிந்ததுபோல ஸ்வர்ணாவுக்குத் தோன்றியது. ஃபேன் காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ருக்மிணி ஆன்ட்டியிடம் சொன்னால் டாலஸில் இருக்கும் அத்தனை தமிழர் வீட்டுக்கும் தெரிந்துவிடும். போலீஸிடம் சொன்னால் கைவிலங்கு அவனுக்கு, விமானம் இரண்டு பேருக்கும். வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண்ணை மூட முடியவில்லை.

முதலில் அவன் சாப்பாட்டைக் குறைத்தான். பிறகு நிறுத்தினான். "தண்ணி போதும்" என்பான். செம்பு செம்பாகக் குடித்தான். அவள் ரசம் சாதத்தைப் பிசைந்து எதிரில் வைத்தால், தட்டைப் பார்க்காமல், டைனிங் டேபிளுக்கு மேல் இருந்த விளக்கைப் பார்த்து முகத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் எழுந்து விளக்கை அணைத்தால் அவன் தோள்கள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கும். பேச்சு பாதியில் நிற்கும். கழுத்து ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. சுளுக்கு என்றான்.

தானே அதைப் புகைக்கிறானோ? சட்டைகளை மோந்து பார்த்தாள். குப்பைக் கூடையைக் கிளறினாள். சாம்பல் இல்லை, சுருட்டுகிற காகிதம் இல்லை. அவன் வாயில் புகை நாற்றமும் இல்லை. ஈர மண் வாசனைதான் வந்தது. நகங்களில் வெளிறிய பச்சை ஏறியிருந்தது.

"செடிச் சாறு பட்டது. தேச்சா போயிடும்" என்றான். போகவில்லை.

அவளுக்கு லீவாக இருந்த ஒரு மத்தியானம். குளியலறைக் கதவைத் திறந்தாள். விளக்குப் போடாமல், தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கணுக்கால் வரை தண்ணீரில் கால்களை விட்டுக்கொண்டிருந்தான். உள்ளங்கைகள் முழங்கால்மேல் மல்லாந்து கிடந்தன. கண் திறந்திருந்தது. அவள் கூப்பிட்டாள். திரும்பவில்லை. சாயங்காலம் பார்த்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தான். தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது.

அதற்கு மறுநாள் விடியலில், போர்வைக்குள் விழித்துக்கொண்டு படுத்திருந்தவளுக்குச் சுவர் வழியாக அவன் குரல் மறுபடி கேட்டது. அதே குழைவு. ஆனால் வார்த்தைகள் வேறு.

"குனிஞ்சுட்டேன்."

ஃபேனின் ரீங்காரம்.

"இன்னுமா?"

பிறகு, நெட்டி முறிப்பதுபோல ஒரு சத்தம். ஒன்றல்ல. வரிசையாக.

"சரி."

வேறு யாருடைய குரலும் கேட்கவில்லை. அவள் போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இனி ஒரு நாளும் பொறுப்பதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தாள். அவன் வெளியே போகிற முதல் சமயம் பார்த்து எல்லாவற்றையும் வெட்டி, பையில் கட்டி, தூர எங்கேயாவது எறிந்துவிட வேண்டும். பிறகு அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சமயம் தானாக வந்தது. மத்தியானம் லேபுக்கு அவனிடமிருந்து போன்.

"ஸ்வர்ணா. நான் வேய்னோட ஆஸ்டின் போறேன். நாளைக்குத்தான் வருவேன். அந்த ரூமைத் திறக்காதே."

"எப்படி? கார் என்கிட்டன்னா இருக்கு?"

"வேய்ன் கார்."

குரல் மெதுவாக, மூச்சுக்கு மூச்சு நின்று வந்தது. அவன் பேச்சுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்தாள். தலைவலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு உடனே கிளம்பினாள். ஃப்ரீவேயில் வரும்போதுதான் அந்த ரீங்காரம் எது என்று மனசுக்குள் லேசாகத் தட்டியது. ரேடியோவைப் போட்டு அதை அமுக்கினாள்.

வீடு நிசப்தமாக இருந்தது. டைனிங் டேபிள் நடுவில் அறைச் சாவி கிடந்தது. அவன் சட்டைப் பையை விட்டு ஒரு நாளும் இறங்காத சாவி. மறந்துவிட்டான் என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள்.

சமையலறைக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டாள். ஒரு குப்பைப் பையை உதறிப் பிரித்தாள். பூட்டைத் திறந்தாள்.

வெளியே சாயங்கால வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. உள்ளே நல்ல இருட்டு. ராத்திரி முழுக்க விளக்கை எரியவிட்டுப் பகலில் அணைத்து வைப்பான், டைமர் போட்டிருந்தான். அந்த அறைக்கு இதுதான் ராத்திரி. சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினாள். அறையின் பழைய பல்பைக் கழற்றியிருந்தான். சமையலறை டிராயரில் இருந்த டார்ச்சில் பேட்டரி செத்திருந்தது. நடை விளக்கின் வெளிச்சம் வாசற்படியோடு நின்றது. பரவாயில்லை. கை பழகினால் போதும்.

வெட்ட ஆரம்பித்தாள்.

இலை தட்டுப்படும். அதற்குக் கீழே தண்டு. கத்திரி. பை. இலை, தண்டு, கத்திரி, பை. பிசின் கையில் ஒட்டியது. நாற்றம் தொண்டையை அடைத்தது. முன்வரிசை முடிந்தது. வலைமேல் சாய்ந்து, இன்னும் உள்ளே கை நீட்டினாள். இங்கே வெளிச்சம் துளியும் இல்லை.

நடுவில் செடி வேறு மாதிரி இருந்தது. இலை இல்லை. வழவழவென்று இருந்தது. கொஞ்சம் சூடாகவும். பூ விடும் குருத்தாக இருக்கும் என்று நினைத்தாள். கட்டத்துக்கு ஒன்றாக நின்றன. கத்திரியை வைத்தாள். ஒரு கணுவில் மாட்டியது. பல்லைக் கடித்து அமுக்கினாள். நறுக்கென்று விட்டது. அடுத்தது. அதிலும் கணு. அடுத்தது. பைக்குள் விழும்போது மற்றவற்றைப்போலச் சலசலக்கவில்லை. பொத். பொத்.

யாரோ மூச்சு விட்டார்கள்.

கை நின்றது.

ஃபேன். ஃபேன்தான்.

ஃபேன் நின்றிருந்தது.

"ஏன்னா?"

இருட்டில் டைமர் டக்கென்று திரும்பியது. மேலே விளக்கு உறுமியது. அந்த விளக்கு ஒரேயடியாக எரியாது. முதலில் மங்கலான ஊதா. சட்டம் தெரிந்தது. வலை தெரிந்தது. அவள் வெட்டிய வெற்றுக் கட்டங்கள் தெரிந்தன. ஊதா வெளுத்தது. தன் கையைப் பார்த்தாள். ரத்தம் இல்லை. பச்சையாக, தேன்போல ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

பைக்குள் பார்த்தாள்.

நகங்கள்.

வெளிச்சம் இன்னும் ஏறியது. வலைக்கு அடியில், செடித் தொட்டிகளுக்கு நடுவே, மல்லாந்து, கம்பியோடு கம்பியாக அமுங்கியிருந்தது அவன் முகம். கன்னச் சதை கட்டம் கட்டமாகப் பிதுங்கி மேலே எழும்பியிருந்தது. தலைமயிர் கொத்துக் கொத்தாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டத்தின் வழியாகவும் வெளியே வந்திருந்தது. கைகள் இரண்டும் எலும்பு இருக்கிற கைகள் மடங்க முடியாத விதத்தில் மடங்கி, வலையடியில் பரந்து கிடந்தன. எல்லாம் ஒரே மட்டம். சட்டத்தின் ஓரத்தில், சுவரிலிருந்து இழுத்து வைத்த டெலிபோன் ரிசீவர் கொக்கியை விட்டு விழுந்து கிடந்தது.

கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தது.

"பயப்படாதே, ஸ்வர்ணா" என்றது அவன் வாய், குழைவாக. "நுனியை வெட்டினா நல்லதுதான். ஒண்ணு வெட்டினா ரெண்டா வரும்."

அவள் கண்ணெதிரே, அவள் வெட்டிய ஒவ்வொரு நுனியும் நடுவில் மெல்லப் பிளந்தது. ஒவ்வொரு பிளவிலிருந்தும் இரண்டு இரண்டாக, இன்னும் நகம் வைக்காத வெளிறிய குருத்துகள் எழுந்து, ஈரத்தோடு, அவசரமே இல்லாமல், வெளிச்சத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.