கச்சான் வந்தா?

பாட்டு ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிற இடத்தில், யாரோ பதில் சொன்னார்கள்.

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தான். பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை. கடைசியில், புரொஜக்டர் பக்கத்தில், வேதமணி அண்ணாச்சி மூக்குப்பொடி டப்பாவின் தலையில் தட்டிக்கொண்டிருந்தார். பிற்பகல் வெயில் உள்ளே வராமல் ஜன்னலெங்கும் ஒட்டியிருந்த கறுப்புத்தாள், வெளியே ஆடிக் காற்று ஓங்கும்போதெல்லாம் உள்பக்கம் உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. அந்த அறை முன்பு உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கியாக இருந்தது. சுவர் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் உப்பு பூத்து உதிரும்; அந்த நெடியோடு, சூடேறிய பல்பில் கருகும் தூசியும், தெருக்கோடியில் காயும் கருவாடும், பிலிம் சுருளின் புளித்த வாடையும் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"அண்ணாச்சி, இப்ப யாரும் பாடினாவளா?"

"படத்துல பாடுதாவ. அதுக்குத்தானல படம் போடுதோம்."

"அதில்ல. பிள்ளைய பதில் சொல்லட்டும்னு நிப்பாட்டியிருக்கோம்லா, அந்த எடத்துல."

"எனக்கு மெசின் சத்தம் மட்டுந்தான் கேக்கும். நீ எழுதுன பாட்டு என்னன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. கர்த்தர் அந்த மட்டுல காப்பாத்துனாரு."

வேறொரு நாளாக இருந்தால் அருமைநாயகம் இதற்கு ஒரு பதிலடி வைத்திருப்பான். கல்லூரி விடுதிச் சாம்பாருக்கு அவன் பாடிய இரங்கற்பா பாளையங்கோட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கீர்த்தியால்தான் மிஷன் காட்சிக்கல்விப் பிரிவின் தலைவர் சுந்தரராஜ் சார் அவனைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடப் பாடங்களைப் பொம்மைப் படப் பாட்டாக்கும் வேலையைக் கொடுத்தார். வாய்ப்பாட்டுக்கு ஒரு பாட்டு. உயிரெழுத்துக்கு ஒரு பாட்டு. கண்டங்களுக்கு ஒரு பாட்டு, அதில் ஆப்பிரிக்கா இடுப்பை ஆட்டும்.

பொம்மைகளை வெட்டியவர் சினிமா பேனர் எழுதும் பேச்சிமுத்து. அட்டையில் உருவங்களை வெட்டிக் கண்ணாடிமேல் வைத்து, மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று எடுப்பார்கள். பேனரில் கதாநாயகியின் ஒரு கன்னத்துக்கே ஒரு வாளி ரோஸ் செலவழித்த கை பேச்சிமுத்துவுடையது. காற்றுப் பாட்டில் வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் பையனை முதுகு காட்டித்தான் வைத்தார். "சின்ன மூஞ்சி எனக்கு வராது தம்பி. மூஞ்சின்னா ஒரு ஆள் ஒசரமாவது வேணும்" என்றார்.

காற்றுப் பாட்டு. இப்போது ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

*கிழக்கே பார்த்தா கடலம்மா,*
*மேற்கே பார்த்தா ஊரம்மா.*
*கொண்டல் வந்தா?* என்று பாட்டு கேட்டு நிற்கும். *கொண்டு போகும்!* என்று பிள்ளைகள் கத்த வேண்டும்; முதல் சுற்றில் கோரஸே பதிலைச் சொல்லிக்கொடுத்திருக்கும்.
*கச்சான் வந்தா?*
*கரை சேர்க்கும்!*

அருமைநாயகத்துக்குச் சாத்தான்குளம். தேரி மணல் தெரியும், பனை தெரியும். கடல் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற விஷயம். கொண்டல் கிழக்கேயிருந்து வரும், கச்சான் மேற்கேயிருந்து வரும் என்பது வரைக்கும் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தான். விடுதிக் கட்டிலில் கவிழ்ந்து எழுதும்போது கொண்டலுக்குக் கொண்டு என்றும் கச்சானுக்குக் கரை என்றும் மோனை தானாக வந்து விழுந்தது. அவ்வளவு சுத்தமாக விழுந்த மோனை பொய்யாக இருக்காது என்று நினைத்தான். தமிழ் படித்தவர்களுக்கு இந்த நோய் உண்டு. மேற்கேயிருந்து வருகிற காற்று ஊரிலிருந்து கடலுக்குத் தள்ளும், கரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும் என்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் அவனிடம் இல்லை.

பாட்டைப் பதிவு செய்த அன்று, பாட வந்த கடற்கரைத் தெருப் பிள்ளைகள் அந்த வரி வந்ததும் கெக்கெக்கென்று சிரித்தார்கள். ஆர்மோனியக்காரர் முறைத்து அடக்கினார். பிள்ளைகளுக்கு என் பாட்டு பிடித்துவிட்டது என்று அருமைநாயகம் அன்று இரண்டு கப் டீ குடித்தான்.

வெள்ளோட்டம் விட்டது ஒரே ஒரு பள்ளிக்கூடத்தில். வேம்பாற்றுப் பக்கம், கடலோரம், விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடம். அங்கேயும் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள், வாத்தியார் பிரம்பைக் காட்டினார். சிரிக்காதவன் ராமர். ஆற்றங்கரை வயற்காட்டு ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன். திரையில் வந்ததை அவன் நம்பினான்.

அடுத்த வாரமே, கரையில் கட்டியிருந்த வள்ளத்தை அவிழ்த்துக்கொண்டு ராமரும் கடற்கரைப் பையன் ஒருவனும் விளையாடப் போனார்கள். மேற்கேயிருந்து மேல்காற்று பிடித்தது. மற்றவன் குதித்து நீந்திக் கரைக்கு வந்துவிட்டான். ஊர் கூடி நின்ற இடத்தில் அந்தப் பையன் நடுங்கிக்கொண்டே சொன்னதை, சாரோடு ஜீப்பில் துக்கம் கேட்கப் போன அருமைநாயகம் தன் காதால் கேட்டான்.

"குதிலே குதிலேன்னு கத்துனேன். வரமாட்டேனுட்டான். கச்சான் வந்துட்டுலே, கரை சேத்துரும்னான். கையக் கட்டிக்கிட்டு உக்காந்து பாடிக்கிட்டே இருந்தான்."

வள்ளமும் கிடைக்கவில்லை, ராமரும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் சுந்தரராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாவுற நேரத்துலயும் நம்ம பாட்டைப் பாடியிருக்கான் பாரு. எவ்வளவு ஆழமா மனசுல பதிஞ்சிருக்கு" என்றார். மனிதர் கடல் இல்லாத நாசரேத்துக்காரர். அவருக்கும் காற்று என்றால் காற்றுதான். அருமைநாயகம் தலையை ஆட்டினான். அந்த ஆட்டலை நினைத்தால் இப்போதும் அவனுக்குக் காது மடல் இரண்டும் கொதிக்கும். அன்றிலிருந்து மீன்காரிகளின் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். யாராவது சிரித்தால் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். சாரிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வரி தப்பு, சார். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ராமர் வருவான். நிரந்தரப் பாட்டாசிரியர் வேலை போகும். அந்த வேலைக்காக ஊரில் அம்மா சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரமே சொல்லியாயிற்று.

சென்னையிலிருந்து புதுப் பிரதிகள் வந்திறங்கிவிட்டன. கடற்கரை நெடுக இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கு நாளைக் காலை பெட்டிகள் கிளம்புகின்றன.

"இன்னொரு தடவ போடுங்க அண்ணாச்சி."

பல்பு எரிந்தது. ஒளிக்கற்றையில் உப்புத்தூசி நீந்தியது. திரையின் இடது ஓரத்தில் கரை; பேச்சிமுத்துவின் மூன்று பனைமரம்; வலது பக்கம் நீல அட்டையைச் சுருட்டி வெட்டிய அலைகள். நடுவில் வள்ளம், முதுகு காட்டிய பையன். உப்பிய கன்னமும் மீசையும் மட்டுமான கச்சான் பொம்மை கடல் பக்கம் நின்று கரையைப் பார்த்து ஊத வேண்டும். பாட்டு வரிக்குத் தோதாக அப்படித்தான் வைக்கச் சொல்லியிருந்தான். அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தான். மீசைக்காரன் பனைமரத்துக்குப் பின்னால் நின்றான். கடலைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தான்.

கரையிலிருந்து வள்ளம் முன்னைவிடத் தள்ளி நின்றது.

*கச்சான் வந்தா?*

கோரஸ் நின்றது. புரொஜக்டர் மட்டும் கடகடவென்று ஓடியது. பிறகு அந்தக் குரல். ஒற்றைக் குரல். பாடம் ஒப்பிக்கிற குரல், கொஞ்சம் மூக்கடைத்து.

*கரை சேர்க்கும்.*

"நிப்பாட்டுங்க!"

வேதமணி நிறுத்தினார். "என்னல, பேயப் பாத்தவன் கணக்கா?"

"அந்த வரிய வெட்டிரணும் அண்ணாச்சி. எல்லாப் பிரதியிலயும். சத்தம் கரகரங்குது."

"எனக்கு ஒரு கரகரப்பும் கேக்கலியே."

"ஒங்களுக்குத்தான் பாட்டே கேக்காதே."

அண்ணாச்சி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சார்ட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்" என்றான் அருமைநாயகம். பொய் அவ்வளவு லேசாக வந்தது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"பாத்துக்கோ. பிலிம்ல சத்தம் முன்னால ஓடும், படம் பின்னால வரும். பேச்ச வெட்டினா மூஞ்சியும் சேந்து போயிரும்."

"இதுல பையனுக்கு மூஞ்சியே கெடையாது."

கத்தரி இறங்கியது. பசை வைத்து, அழுத்தி, ஒட்டு காய்கிற வரைக்கும் அண்ணாச்சி அதன்மேல் ஊதினார். வெட்டிய துண்டு தரையில் சுருண்டு கிடந்தது. அருமைநாயகம் அதை எடுத்தான். ஈரமாக இருந்தது. பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். நகத்தளவு கட்டங்கள், ஒன்றின்கீழ் ஒன்றாக. முதல் கட்டத்தில் வள்ளம். அடுத்ததில் அதைவிடச் சின்ன வள்ளம். அடுத்ததில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே தண்ணீர். வெறும் தண்ணீர், துண்டு முடிகிற வரைக்கும் தண்ணீர். விரலில் பட்ட ஈரத்தை யோசிக்காமல் நாக்கில் வைத்தான். கரித்தது.

துண்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். "போடுங்க."

ஒட்டுப் போட்ட இடம் திரையில் ஒரு துள்ளு துள்ளி ஓடியது. வெட்டிய இடம்தான். கண்ணால் பார்த்தான்.

*கச்சான் வந்தா?*

வந்தது. வெட்டின வரி வந்தது. பனைமரம் இப்போது தீக்குச்சி உயரம்.

"அண்ணாச்சி, நாம வெட்டினோம்லா?"

"துண்டு ஒன் பையிலதான கெடக்கு? பொறவு என்ன கேள்வி?"

கதவு படாரென்று திறந்தது. வெளிச்சமும் மணலும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. சுந்தரராஜ் சார் காற்றில் மடங்கிப்போன குடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் தெரு தெரிந்தது. காய்ந்த பனையோலை, காகிதம், கோழி இறகு, யாருடையதோ ஒரு துண்டு, எல்லாம் ஒரே திசையில் துறைமுகத்தைப் பார்த்துத் தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தன.

"என்னா காத்து! ஆள நடக்க விடமாட்டேங்கு." கதவைச் சாத்திவிட்டு முன்பெஞ்சில், அருமைநாயகத்தின் பக்கத்தில், வேட்டியை ஒதுக்கி உட்கார்ந்தார். "காத்துப் பாட்டையே போடுங்க வேதமணி. பெட்டிய மூடுதுக்கு முன்ன ஒருவாட்டி கண்ணாரப் பாத்துருவோம்."

இருட்டு. பல்பு. தூசி.

கரை இல்லை.

இடது ஓரத்தில் பனை இல்லை, மீசைக்காரன் இல்லை. திரை முழுக்க நீல அட்டை அலை. நடுவில் வள்ளம். முதுகு காட்டிய பையன். சார் முழங்காலில் தாளம் போட்டார்.

"அம்சமா வந்திருக்குலே" என்றார்.

கரை காணாமல் போனது அவருக்குத் தெரியவில்லை. அருமைநாயகம் பக்கவாட்டில் அவர் முகத்தைப் பார்த்தான். நீல வெளிச்சத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

*கொண்டல் வந்தா?*

பதில் இல்லை.

*கச்சான் வந்தா?*

பதில் இல்லை. பாட்டு நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. ரீல் சுற்றியது. வள்ளம் ஏறியது, இறங்கியது. கறுப்புத்தாள் உப்பியது. அடங்கவில்லை.

பிறகு திரையிலிருந்து அந்தக் குரல், தண்ணீர் குடித்து நாளான குரல், கேட்டது.

"அண்ணே. கச்சான் வந்தா?"

அதே நேரம் சார் அவன் பக்கம் திரும்பினார். "அருமை, ஏதும் மாத்தணுமால? இப்பவே சொல்லிரு. காலம்பற போயிட்டுன்னா பொறவு நம்ம கையில இல்ல."

சொல். ஒரே வார்த்தை. கடலுக்கு. கடலுக்குக் கொண்டு போகும்.

நாக்கில் உப்பு. சட்டைப் பை நனைந்து நெஞ்சில் ஒட்டியது. சில்லென்று. காது கொதித்தது. சபையில் அம்மா எழுந்து நிற்கிறாள். கடற்கரைத் தெருப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆற்றங்கரை ஊரில் ராமர் வீட்டு வாசலில் யாரோ ஏறிட்டுப் பார்க்கிறார்கள்.

வாயைத் திறந்தான்.

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் சரியா இருக்கு."

"சரி" என்றார் சார்.

திரையில் பையன் தலையாட்டினான். வாத்தியார் சரி போட்டதும் பிள்ளைகள் ஆட்டுவார்களே, அந்த ஆட்டல். கையைக் கட்டிக்கொண்டான். பிறகு வள்ளத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஒருவனுக்கு இடம் விடுகிற மாதிரி.

ஒருவன் உட்கார்ந்தான். முதுகு மட்டும். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன். அப்புறம் ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக ஒருத்தி. அப்புறம் வரிசை வரிசையாக, வகுப்பில் உட்காருகிற மாதிரி, எல்லோரும் முதுகு காட்டி, எல்லோரும் கையைக் கட்டி. வள்ளம் நீண்டுகொண்டே போனது. கறுப்புத்தாள் கிழிந்தது. மேல்காற்று உள்ளே வந்து திரையை அடித்தது. திரை கடல் பக்கம் புடைத்தது.

*கரை சேர்க்கும்!*

ஒரே குரலாக. சிரிப்பே இல்லாமல்.

சார் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கரை எங்கும் இல்லை. முதுகுகள் சின்னதாகிக்கொண்டே போயின. ஒவ்வொன்றும் கொஞ்சம் நகர்ந்து, இடம் விட்டு, நகர்ந்து, இடம் விட்டு.

வள்ளத்தில் இன்னும் இடம் இருந்தது.