தேவேந்திரனின் பதின்மூன்று மெஷின்கள்

அமாவாசை. தெருவில் ஒரு தறிகூட ஓடாத நாள். அப்படியிருக்க, மத்தியானம் மூன்று மணிக்கு இந்த டக் டக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அகிலாவுக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்து வீட்டுத் தறி என்றுதான் ஒரு வாரமாக நினைத்திருந்தாள். இல்லை. இது அந்தப் பாழாய்ப்போன டைப்ரைட்டர். இடது கை விரல்களுக்கு நாலு எழுத்து, வலது கை விரல்களுக்கு நாலு. செத்துப்போன புருஷன் தேவேந்திரன் தன் டைப் இன்ஸ்டிட்யூட்டில் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

பாடமா அது? பீடை. வாலாஜாபாத்தில் எவனாவது இன்ஸ்டிட்யூட்டை மூடுகிறான் என்றால் போதும், மனுஷன் ஓடிப்போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பதின்மூன்று சேர்ந்தது. வீட்டிலிருந்த ஒரே அறையும் அவற்றுக்கு. பெற்ற மகள் கீர்த்தி கல்யாணமாகிப் போகும்வரை நடையில் படுத்தாள். எண்ணெயும் மையும் துருவும் கலந்த நாற்றம் அவள் துணிமணியில்கூட ஏறியிருந்தது. "கொஞ்சத்தையாவது குட்துடுயா" என்று அகிலா எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள்! காதில் வாங்கினால்தானே.

இப்போது கீர்த்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு அறை வேண்டும். போன வாரம் சென்னைக்காரர் ஒருவரிடம் பன்னிரண்டை அள்ளிக் கொடுத்தாள் அகிலா. மெஷின் கைமாறும்போது அந்த முதல் பாடத்து எட்டு எழுத்தும் விழுகிறதா என்று அடித்துக் காட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். அகிலாவுக்கு டைப் தெரியாது. நிறைமாத வயிற்றோடு கீர்த்திதான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து அடித்துக் காட்டினாள். தேவேந்திரனின் சொந்த மெஷின் மட்டும் வண்டியில் இடமில்லாமல் தங்கிவிட்டது.

டக் டக் டக் டக்.

கதவைத் தள்ளினாள். மூலையில் உறை போட்டபடி இருந்தது மெஷின். உறைக்குள்ளே விசைகள் ஏறி இறங்கின. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது.

"உயிரோட இருந்தப்போ என் புள்ளைக்கு எடம் உடல. செத்தும் உட மாட்டியா நீ?"

இடுப்பு விட்டுப்போக அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லில் ஓங்கிப் போட்டாள். ஆத்திரம் தீராமல் மறுபடி தூக்கிப் போட்டாள். விசைகள் தெறித்தன. நாடா சாக்கடையில் அவிழ்ந்து கிடந்தது. சத்தம் நின்றது.

"ஒழிஞ்சுது சனியன்" என்று கை கழுவினாள்.

குழாயை மூடியதும் மறுபடி கேட்டது.

அறையிலிருந்து இல்லை. அறை காலி. கூடத்திலிருந்து.

கீர்த்தி பாயில் மல்லாந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அம்மா, கொயந்த உதைக்கிதுமா. காலையிலேர்ந்து ஒரே மாதிரி உதைச்சிக்கினே இருக்குது."

அகிலா புடவையை விலக்கினாள். கை வைத்தாள்.

இடப்பக்கம் நாலு. விரல் நுனிகள். தோலுக்கடியில் ஒவ்வொன்றாக எழுந்தன. அமிழ்ந்தன. வலப்பக்கம் நாலு.

"உட்ருயா அவள!" வயிற்றைப் பார்த்துக் கத்தினாள். "நிறுத்துயா!"

உள்ளே மணி அடித்தது. வரி முடிந்தால் மெஷினில் அடிக்குமே, அந்த மணி.

கீர்த்தி அலறினாள். அடுத்த வரிக்கு மெஷினின் உருளையைத் தள்ளுவதுபோல, வயிறு மொத்தமும் ஒரே இழுப்பில் வலப்பக்கம் நகர்ந்தது.

பிறகு இடப்பக்கம், புது வரியின் முதல் எழுத்துக்கு, சுண்டுவிரல் எழுந்தது.