மேட்டு வளைவில் நிற்காத கார்

ஒரு அம்மாள் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"பிரேக்கை மட்டும் பாத்துக் குடுங்க தம்பி," என்றார் மெக்கானிக்கிடம். "வெயில்ல மேட்டு வளைவுகிட்ட போனா நின்னுடும். சூடு ஆறினா தானா கிளம்பிடும். அதுல மட்டும் கை வைக்காதீங்க."

அவர் போனதும் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். பட்டறையில் கூடவே வேலை செய்யும் தங்கையும் எட்டிப் பார்த்தாள். பெட்ரோல் பைப் சூடேறும் எக்ஸாஸ்ட் புகைக்குழாயை உரசிக்கொண்டு போயிற்று.

"பாரு. சூட்டுல பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாயிடும். பம்பு வெறும் ஆவியை இழுத்துக்கிட்டு முழிக்கும். கார்புரேட்டருக்குச் சொட்டு பெட்ரோல் வராது, எஞ்சின் நின்னுடும்."

"வேண்டாம்னு சொன்னாங்களேண்ணா."

"அவங்க வீட்டுக்காரர் எப்படிப் போனார்னு மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. போன வருடம் ஒரு மத்தியானம், மனைவி ஓட்ட, அவர் பின் இருக்கையில் கண்ணயர்ந்து வந்திருக்கிறார். வளைவில் கார் நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க இறங்கியவரை லாரி அடித்துத் தூக்கிவிட்டது.

அதற்கு மேல் அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. இருவருமாகப் பைப்பைத் தள்ளிப் பொருத்தினார்கள். சூடு தாங்கும் உறையைச் சுற்றி, இடையில் தகரத் தடுப்பு வைத்தார்கள். பிரேக்கையும் சரிபார்த்துவிட்டு, மறுநாள் உச்சி வெயிலில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். தங்கை ஓட்டினாள்.

கார் அலுங்காமல் போயிற்று. தார் உருகும் வாசனை. மேடு ஏற ஏற எஞ்சினின் சத்தம் கனத்தது. ஆனால் ஒரு இருமல்கூட இல்லை.

"நீ போ, நிக்காது," என்று சிரித்தார் அண்ணன்.

வளைவு தெரிந்தது.

பின் இருக்கையின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. படுத்திருந்த யாரோ எழுந்து உட்காருவதுபோல.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். இருக்கை காலியாக இருந்தது.

கார் வளைவுக்குள் நுழைந்தது.

"நிறுத்தும்மா," என்றது ஒரு குரல், அவள் பிடரியருகே, தூக்கம் கலையாமல். "இறங்கணும்."

அவள் கால் பிரேக்குக்குப் போயிற்று. அண்ணன் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தார். அவருக்கும் அந்தக் குரல் கேட்டிருந்தது.

"நிறுத்தாத. போ."

பின்கதவின் கைப்பிடி மேலும் கீழும் ஆடியது. கார் வளைவைத் தாண்டியது.

கைப்பிடி அசைவது நின்றுவிட்டது.

அதன் பிறகு குரல் இல்லை. ஆனால் சுற்றுவழியில் பட்டறைக்குத் திரும்பும்வரை, கார் பின்பக்கம் தாழ்ந்தே வந்தது.

வாசலில் அந்த அம்மாள் காத்திருந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார்.

"வளைவுல நின்னுச்சா?"

"நிக்கலம்மா," என்றாள் தங்கை. "பைப்பைச் சரி பண்ணிட்டோம்."

அந்த அம்மாள் காரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர் எங்க ஏறுறார்னு எனக்குத் தெரியாது தம்பி. இறங்குறது மட்டும் அங்கதான். பின்னாடி லேசாயிடும், அப்புறம்தான் வண்டி கிளம்பும். அவர் செத்துப்போனது அவருக்கே தெரியாது. அங்க இறங்கினா போதும்னு நான் விட்டுட்டேன்." குரல் தழைந்தது. "இன்னைக்கு எங்க இறங்கினார்?"

தங்கை திரும்பிக் காரைப் பார்த்தாள். பின்கதவு திறந்து கிடந்தது. அதை அவர்கள் திறக்கவில்லை. தாழ்ந்தே வந்த பின்பக்கம் மேலெழுந்து சமமாகியிருந்தது.

பட்டறைக்குப் பின்னால்தான் மெக்கானிக்கின் வீடு. அங்கிருந்து அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"ஏங்க, உங்க கூட வந்தவர் யாரு? முகம் கழுவணும்னு நேரா பாத்ரூமுக்குள்ள போயிட்டார். கதவைத் தட்டினா பதிலே இல்ல."

நால்வரும் வீட்டைப் பார்த்தார்கள். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் இங்கேவரை கேட்டது.

பிறகு யாரோ குழாயை மூடினார்கள்.