பேரிங் விட்டுப்போன சாட்சி

ஸ்நேகாவுக்கு ஷூ கடித்தது. வலது கால் சுண்டுவிரலில் தொடங்கிக் குதிகால்வரை கடித்தது. ஆறாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து இவள் கால் மட்டும் தனியாக வளர்கிறது என்று அலுத்துக்கொண்டே அம்மா மேரி புது ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டார். பழையது நல்ல நிலையில்தான் இருந்தது. துடைத்துவிட்டால் பளபளக்கும்.

பக்கத்துத் தெருவில் இருந்த பூமிகாவின் ஷூவோ வாயைப் பிளந்துவிட்டது. அவள் அப்பா தணிகைவேல் பட்டறையிலிருந்து பசை கொண்டுவந்து இரண்டு முறை ஒட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை அது பசைக்கு மசியவில்லை. புது ஷூ வாங்கும்வரை பூமிகா ரப்பர் செருப்பில் பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

செருப்பில் போனால் என்ன என்று கேட்பவர்களுக்குக் காக்களூர் தொழிற்பேட்டைச் சாலையைத் தெரியாது. லேத் பட்டறைகளிலிருந்து லாரியில் ஏற்றிப்போகும் இரும்புச் சீவல், சாலை நெடுகச் சுருள் சுருளாகச் சிந்திக் கிடக்கும். சைக்கிள் டயரையே பதம் பார்க்கும். ரப்பர் செருப்பு எந்த மூலைக்கு?

"என் பழைய ஷூ சும்மாதான் கிடக்குது. உனக்கு அளவு சரியா இருக்கும், எடுத்துக்கிறியா?" என்று ஸ்நேகா கேட்டாள்.

"சும்மாலாம் வேணாம். உனக்கு இன்னா வேணும், சொல்லு" என்றாள் பூமிகா.

ஸ்நேகாவின் கண் நேராகப் பூமிகா வீட்டு அலமாரிக்குப் போனது. அங்கே ஒரு பேரிங் இருந்தது. தேய்ந்துபோனது என்று மிஷினிலிருந்து கழற்றிய இரும்பு வளையம். முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னதால் தணிகைவேல் மகளுக்கு எடுத்து வந்திருந்தார். நடுவில் விரலை விட்டு வெளியே ஒரு தட்டுத் தட்டினால் விர்ரென்று சுற்றும். நிற்கவே நிற்காது. ஸ்நேகாவுக்கு அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

"பேரிங்" என்றாள்.

பூமிகா கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஆனா அப்புறம் மனசு மாறக் கூடாது."

இரண்டும் கை மாறின. இவளை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று இருவருமே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அதைவிட நல்ல வியாபாரம் வேறு ஏது?

இதோடு கதை முடிந்திருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை வந்து கெடுத்தது.

ஸ்நேகா போகும் சபையில் சிறுவர்களுக்கு ஞாயிறு பள்ளி நடத்துபவர் ஸ்டீவன் அண்ணன். அவருக்குப் பெரும்பாலும் கம்பெனியில் இரவு ஷிப்ட். தூக்கக் கண்ணோடுதான் வந்து நிற்பார். போன வாரம் அவர் சொல்லியிருந்தார்: "நம்ம படிக்கிறது வாயோட நின்னுடக் கூடாது. இந்த வாரம் யாருக்காவது ஒரு நல்லது செஞ்சிட்டு வாங்க. அடுத்த வாரம் பெரியவங்க ஆராதனையில ஒவ்வொருத்தரா மைக்குல சாட்சி சொல்லணும். நடந்தத அப்படியே சொன்னா போதும்."

ஸ்நேகா அதைச் சுத்தமாக மறந்துவிட்டாள். வரிசையில் போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு முன்னால் நின்ற வகுப்புத் தோழன் பென்னி, நாய்க்குட்டிக்குத் தன் பங்கு பன்னைக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டு நகர்ந்தான். மைக் ஸ்நேகாவின் கைக்கு வந்தது.

சபை முழுவதும் அவளைப் பார்த்தது. வாய் தானாகத் திறந்தது.

"பூமிகான்னு எனக்கு ஒரு தோழி. போட்டுக்க ஷூ இல்லாம கஷ்டப்பட்டா. நான் என் ஷூவ அவளுக்குக் கொடுத்தேன்."

"ஸ்தோத்திரம்" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் ஸ்நேகாவுக்கு மிட்டாய் மாதிரி இனித்தது. இன்னும் ஒன்று கிடைக்குமா என்று தோன்றியது.

"அவங்க ரொம்ப ஏழைங்க. எனக்கு இருந்ததே அந்த ஒரு ஷூதான்."

இப்போது பல ஸ்தோத்திரங்கள் வந்தன. முன்வரிசையில் இருந்த அஞ்சம்மாள் பாட்டி ஸ்நேகாவின் வெறுங்காலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபைக்குள் எல்லோருமே வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பாட்டிக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஸ்நேகாவின் புது ஷூ வாசலில் மற்ற செருப்புகளோடு சமர்த்தாகக் கிடந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா கேட்டார், "ஒரே ஷூவா?"

"பேசும்போது அப்படியே வந்துடுச்சும்மா."

"சாட்சியில அந்த பேரிங்க எங்கடி விட்ட?"

ஸ்நேகா நடையை வேகமாக்கினாள்.

"வாயில வந்ததெல்லாம் ஸ்பீக்கர்ல வெளியவும் போச்சு, தெரியுமில்ல?" என்றார் அம்மா. அப்போதுதான் ஸ்நேகா திரும்பிப் பார்த்தாள். சபையின் கூரைமேல் இருந்த குழாய் ஸ்பீக்கர் நேராகப் பூமிகாவின் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பூமிகா வீட்டு வாசலில் ஷூ ஒரு பையில் தயாராக இருந்தது. பூமிகா செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கினு போ" என்றாள்.

"ஏன் பூமிகா?"

"எங்க அம்மா தோசை ஊத்திக்கினு இருந்தாங்க. ஸ்பீக்கர்ல என் பேரு வந்துச்சு. இன்னாவோ பரிசு வாங்கிட்டேன்னு நெனச்சி அடுப்ப அணைச்சிட்டு வெளிய வந்து நின்னு கேட்டாங்க. எதிர்வீட்டு ஆயா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் கேட்டாங்க. நாங்க ஏழைன்னு உன்னாண்ட வந்து சொன்னமா?"

"இல்ல."

"பேரிங் கொடுத்தத ஏன் சொல்லல?"

"பேரிங்க திருப்பித் தந்துடறேன்" என்றாள் மெதுவாக.

"வேணாம். நான் கொடுத்தத திருப்பி வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பூமிகா தனியாக நடந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம் போவார்கள். அன்றுதான் முதல் முறையாக ஸ்நேகா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு போனாள்.

வகுப்பிலும் விட்டபாடில்லை. "பூமிகா, ஷூ எங்க? ஸ்நேகா திருப்பி வாங்கிட்டாளா?" என்று பென்னி சத்தமாகக் கேட்டான். அவனுக்கு அது வேடிக்கை. பூமிகா கடைசி பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் ஸ்நேகாவின் அப்பா தானியேல் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார். அவரும் தணிகைவேலும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் வேலை செய்பவர்கள்.

"இன்னிக்கு தணிகை என்கூட டீ குடிக்க வரல" என்றார்.

"ஏம்பா?"

"'என் பொண்ணு உங்க ஊட்டு ஷூவுலதான் நடக்குதுன்னு பட்டறையே பேசுது. நீ போய் குடி'ன்னுட்டான்."

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஸ்நேகாவுக்கு. படுப்பதற்கு முன் கண்ணை மூடி, "இயேசப்பா, பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க" என்று ஜெபம் செய்தாள். மனசு கொஞ்சம் லேசானது. அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தாள்.

தீரவில்லை. இரண்டு நாள் கழித்து இரும்புச் சீவல் ஒன்று பூமிகாவின் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியது. வகுப்பு டீச்சர் குணசுந்தரிதான் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊசியும் கட்டும் போடவைத்துக் கூட்டிவந்தார். பூமிகா அழவில்லை. ஸ்நேகாதான் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்று அழுதாள். அவளுடைய பைக்குள் அந்த ஷூ இருந்தது. வாங்கிக்கொள்வாளோ என்று தினமும் சுமந்துகொண்டு வந்தாள்.

அழுது முடித்த பிறகு ஸ்நேகா உட்கார்ந்து யோசித்தாள். இயேசப்பாவிடம் சொல்லியாகிவிட்டது, சரி. அவருக்குத்தான் பேரிங் விஷயம் முதலிலிருந்தே தெரியுமே. தெரியாதது எதிர்வீட்டு ஆயாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பட்டறைக்காரர்களுக்கும்தான். மைக்கில் சொன்னதை மூடிய கண்ணோடு திருப்பி வாங்க முடியாது.

அன்று சாயங்காலமே ஸ்டீவன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் தூங்கி எழுந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் காலை. ஸ்நேகா ஒன்றுவிடாமல் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை எனக்கு மைக் வேணும்ணா" என்று முடித்தாள்.

ஸ்டீவன் அண்ணன் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "சாட்சின்னா நல்லது நடந்ததத்தான் சொல்வாங்க. சொன்ன சாட்சி தப்புன்னு யாரும் வந்து சொன்னது இல்லையேம்மா."

"நடந்தத அப்படியே சொல்லுன்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டார். இட்லியைத் தட்டில் வைத்தார். "பாஸ்டராண்ட நான் பேசறேன்."

மைக் கிடைத்துவிடும். ஆனால் மறுபடியும் பூமிகாவைப் பற்றி ஊர் கேட்கப் பேசினால் இன்னொரு வம்பு ஆகாதா? ஷூ கொடுக்கும்போது கேட்டுத்தான் கொடுத்தாள். சாட்சி சொல்லும்போது கேட்கவில்லை. அங்கேதான் எல்லாம் கெட்டது. ஸ்நேகா நேராகப் பூமிகா வீட்டுக்குப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பூமிகா கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மைக்குல உண்மைய சொல்லப் போறேன். உன்னப் பத்தியும் வரும். சொல்லலாமா?"

பூமிகா ஒரு விரலை நீட்டினாள். "பேரு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"ஏழைன்னு சொல்லக் கூடாது."

"மாட்டேன்."

"அழக் கூடாது. நீ அழுதா எல்லாரும் உன்னத்தான் பாவம்னு சொல்வாங்க."

இது ஸ்நேகாவுக்குத் தோன்றவே இல்லை. "அழ மாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரத்தில் பாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். ஸ்நேகா முதலில் ஆம்ப்ளிஃபயர் அருகில் உட்கார்ந்திருந்த பென்னியிடம் போனாள். "வெளி ஸ்பீக்கர் ஆன்ல இருக்குதா?"

"இருக்குது. ஏன்?"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"போன வாரம் நான் சொன்ன சாட்சியில பொய் இருக்குது. நான் ஷூவ சும்மா கொடுக்கல. என் தோழி சும்மா வாங்க மாட்டேன்னு சொல்லி, அவ வச்சிருந்த பேரிங்க எனக்குக் கொடுத்தா. அது மேல எனக்கு ரொம்ப நாளா ஆசை. அந்த ஷூ எனக்குக் கடிச்சுது. என்னாண்ட புது ஷூ இருக்குது. வாசல்லதான் கிடக்குது, போகும்போது பாத்துக்குங்க."

அஞ்சம்மாள் பாட்டி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க வீட்டுல யாரும் என்னாண்ட எதுவும் கேக்கல. அவளாண்ட கேக்காம நான்தான் இல்லாதத சேத்து சொன்னேன். அந்த வாரம் நான் யாருக்கும் ஒரு நல்லதும் செய்யல. மறந்துட்டேன். நீங்க ஸ்தோத்திரம் சொன்னது நல்லா இருந்துச்சு, அதனால இன்னும் கொஞ்சம் சேத்து சொன்னேன். அவ்ளோதான்."

இதற்கு ஸ்தோத்திரம் சொல்வதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்நேகாவுக்கு அழுகை வரப் பார்த்தது. தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டு நின்றாள். அப்போது பின்வரிசையிலிருந்து, வழக்கமாக இந்த நேரத்தில் தூங்கிவழியும் அவள் அப்பா, "ஆமென்" என்றார். தெருமுனைவரை கேட்டிருக்கும்.

ஆராதனை முடிந்ததும் பென்னி வந்து, "நான் வகுப்புல அப்படி கேட்டிருக்கக் கூடாது, இல்ல?" என்றான்.

"என்னாண்ட ஏன் சொல்ற? பூமிகாவாண்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு ஸ்நேகா ஷூ பையோடு ஓடினாள்.

பூமிகா வீட்டு வாசலில் தணிகைவேல் நின்றிருந்தார். ஸ்நேகாவைப் பார்த்ததும் வழியை விட்டு ஒதுங்கி, "உள்ள போ" என்றார். அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த தானியேலிடம், "வா தானி, டீ குடிக்கலாம்" என்றார்.

உள்ளே பூமிகா கேட்டாள், "அழலையே?"

"அழல."

"குரல் நடுங்குச்சே."

"அது மைக்கு சரியில்ல."

பூமிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டி ஷூவை வாங்கினாள். கட்டுப் போட்ட கால் அதற்குள் நுழையவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

"நாளைக்கு கட்டு அவுத்துடுவாங்க. அதுக்கு மறுநாள் காலையில கூப்பிட வா" என்றாள்.

ஸ்நேகா தெருவுக்கு வந்தபோது எதிரே ஸ்டீவன் அண்ணன் சைக்கிளை நிறுத்தினார். தூக்கம் போன இடம் தெரியவில்லை. "பூமிகா இன்னா சொன்னா?" என்று ஆவலாகக் கேட்டார்.

ஸ்நேகா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"அவளாண்ட கேட்டுட்டு வந்து சொல்றேண்ணா" என்றாள்.